யானை கொசுவான புடவை

என் தங்கை மனோன்மணியின் முகூர்த்தப் புடவையைக் கெடுத்தவன் நான்தான். எலி கடிக்கவில்லை, சாயம் போகவில்லை. கம்ப்யூட்டர் படித்த என் திமிர்தான் கெடுத்தது.

எழுபதுகளில் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர். (எங்களுக்கு இல்லாத ஏ.சி. அதற்கு இருந்தது.) எந்தெந்த ஊருக்குச் சரக்கு போகிறது என்று சொல்ல ஒரு புரோகிராம். துளையிட்ட அட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் படித்து, ஊர்ப் பெயர்களை ஓர் அட்டவணையில் சேர்த்து, அதை இன்னொன்றுக்கு மாற்றி, திரும்ப வந்த பெயர்களை நீக்கி, கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும். நான் அதை ஒரே சுற்றாக்கினேன்: அட்டையைப் படி, பெயர் புதிதென்றால் சேர், பழையதென்றால் விடு, முடிந்ததும் கொடு. பக்கம் பக்கமாக இருந்தது உள்ளங்கையில் அடங்கிவிட்டது. மேலதிகாரி முதுகில் தட்டினார். அந்தத் தட்டலோடு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா தறியில் மனோன்மணிக்கு அரக்குப் பட்டு ஏற்றியிருந்தார். கரையில் யானை வரிசை வர வேண்டும். தறிக்கு மேலே பார்த்தேன். அடடா, இங்கேயும் துளையிட்ட அட்டைகள்! மாலையாகக் கோத்துச் சுற்றுகின்றன. அட்டைக்கு ஓர் இழை. இழைகள் சேர்ந்து கடைசியில் ஒரு யானை. என் புரோகிராமேதான். (படிக்கிற பையன் என்று என்னைத் தறிப்பக்கமே விட்டதில்லை. விட்டுத் தொலைத்திருக்கலாம்.) அடுத்தடுத்து ஒரே மாதிரி அட்டைகள். எவ்வளவு வீண்!

அப்பா பக்கத்து ஊரான ஓரிக்கைக்குப் போயிருந்தார். ஒரே மாதிரி இருந்தவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை அவிழ்த்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். மாலையை மறுபடி கோத்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முதல் யானையைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அப்பா நெய்ய உட்கார்ந்தார். தும்பிக்கை வந்தது. குச்சியாக ஒரு கால். ஓர் இழை வயிறு. இன்னொரு குச்சி. உடனே வால். மறுபடி தும்பிக்கை. என்ன வேகம் என்று நான் பூரித்துப்போனேன்.

மாப்பிள்ளையின் அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

“இன்னாபா இது, கொசு நெய்துக்கினு இருக்கீங்க?”

“யானைமா,” என்றார் அப்பா. பிறகு அவரும் குனிந்து பார்த்தார்.

“எங்க வீட்ல இருக்குற கொசு பத்தாதுன்னு சீர் வேறயா? முகூர்த்தப் புடவையே இப்படின்னா, இந்தச் சம்பந்தத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்பா.”

மனோன்மணியின் முகம் வெளுத்தது. நான் முந்திக்கொண்டு சரக்கு, ஊர்ப் பெயர், அட்டவணை எல்லாம் விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“உங்க ஆபீசு யானைக்கு வயிறே இல்லியாடா?”

அப்போதுதான் உறைத்தது. ஊர்ப் பெயர் திரும்ப வந்தால் வீண். வயிறு திரும்பத் திரும்ப வந்தால்தான் வயிறு.

அத்தையின் காலில் விழுந்தேன். தப்பு என்னுடையது, அப்பாவின் கைமேல் பழி வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டதால் சம்பந்தம் பிழைத்தது. லீவு போட்டு, தறி அட்டைக்குத் துளை குத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எரித்த அட்டைகளையெல்லாம் விரல் வீங்க நானே குத்தினேன். கொசுக்களை இழை இழையாகப் பிரித்தேன். முதலில் நெய்த கொசு ஒன்றுதான் மிச்சம். மனோன்மணி என் கையைப் பிடித்தாள்.

“இது இருக்கட்டும்ணா. இடுப்புல செருகுற முனைதானே, யாருக்குத் தெரியப்போவுது?”

எல்லாருக்கும் தெரிந்தது. அத்தையே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த முனையை விரித்துக் காட்டினார்.

இப்போது என் பேத்திக்கும் கம்ப்யூட்டர் வேலை. போன வாரம் போனில், “தாத்தா, பெரிய லூப்பை ஒரே வரியா ஆக்கிட்டேன்” என்று குதித்தாள். பக்கத்திலிருந்த மனோன்மணி போனைப் பிடுங்கினாள்.

“சந்தோசம்மா. வயிறு இருக்குதான்னு பாத்தியா?”