மூணு மணிக்குக் கூப்பிட்டவர்

தூத்துக்குடி மாவட்டத்திலேயே ஒரு கோழிக்காக மத்தியானத் தூக்கத்தைத் துறந்த ஒரே மனிதர் எங்கள் மூணுமணி அண்ணாச்சிதான். ஆறுமுகநேரி உப்பளத்தில் அவர் ஆயில் என்ஜின் ஓட்டினார். நான் அதே உப்பளத்து ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய உண்மையான பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு விற்க அவர் வளர்த்த வான்கோழிச் சேவல், பண்டிகைக்கு முந்தின வாரம் கூண்டை உடைத்துக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் போய்விட்டது. இரண்டு வருடத்தில் முழுக் காட்டுப் பறவையாகி, நாய்களைத் துரத்த ஆரம்பித்தது. ஊர் இளவட்டங்கள் விடியற்காலையில் அதைப் பிடிக்கப் போய், முள் தைத்த காலோடு திரும்பினார்கள்.

அண்ணாச்சி காலையில் போகவே மாட்டார். மூன்று மணிக்கு உப்பளம் முழுக்க என்ஜின்கள் நிற்கும். சத்தம் அடங்கியதும் தன் என்ஜின் கொட்டகைக்குப் பின்னால் வலையை விரித்துவிட்டு, உடைமரத்தடியில் உட்கார்ந்து, தொண்டையை உருட்டிக் களகளவென்று கூப்பிடுவார். காட்டுக்குள்ளிருந்து அது பதில் சொல்லும். வராது. மறுபடி கூப்பிடுவார். ஐந்து மணிவரை இதே பேச்சுவார்த்தைதான்.

காலையில் போனால் என்ன என்று கேட்டேன்.

"காலையில அதுக்கு ஆயிரம் சோலி கெடக்கும்லே. மூணு மணிக்குத்தான் ஒத்தையில இருக்கோம்னு ஒறைக்கும்."

வெயிலில் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்பது அண்ணாச்சியின் வாதம்.

சித்திரையில் ஒருநாள் வேடிக்கை பார்க்க நானும் போனேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நான் உடனே களத்தில் இறங்கினேன். அதாவது, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரை மூன்று முறை சுற்றி வந்தேன். பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் போடத் தோன்றியது. அடையாளம் கேட்டார்கள்.

"வெள்ளையா ஒரு உப்பு அம்பாரம் இருக்கும் சார்."

கண்ணுக்கெட்டிய தூரம்வரை அங்கே இருந்தது அது மட்டும்தான். வண்டி அரைமணி நேரம் அம்பாரம் அம்பாரமாகச் சுற்றியது.

நினைவு திரும்பிய அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏலே, என்ஜினைப் போடு. இந்நேரம் வேற எங்கனயும் புகை வராது."

செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுற்றியதில் ஹேண்டில் என் முழங்காலைத்தான் முதலில் ஸ்டார்ட் செய்தது. நாலாவது சுற்றில் கரும்புகை எழும்பியது. அந்தச் சத்தத்துக்குக் காட்டுக்குள்ளிருந்து வான்கோழி கத்தியது. அண்ணாச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

புகையைப் பார்த்து வண்டி வந்துவிட்டது. ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"வலையச் சுருட்டிரு. அதுக்குக் கால் மாட்டிக்கிடும்."

ஆஸ்பத்திரி வாசல்வரைதான் இருந்தார். அரைமணி முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். செருப்பு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

இப்போது மூன்று மணிக்கு நான் போய் உட்காருகிறேன். வலை கொண்டுபோவதில்லை. என் கூப்பாடு தண்ணீர் வராத குழாய் மாதிரி இருக்கிறது. ஆனாலும் பதில் வருகிறது. அதற்கு இன்னும் விஷயம் தெரியாது. சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.