பட்டத்துக்காரர்களைச் சுருக்கக் கூடாது

வெற்றிடத்தின் விலை எண்ணூறு தாலா. அபியா நகரத்துக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும்போது லோசா அந்தத் தொகையை வாங்காமல் விட்டதில்லை. பக்கத்தை நிரப்புவதற்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், எதை விடுவது என்று தெரிந்ததற்குத்தான் காசு என்பாள். புகுந்த வீட்டுக்கு மட்டும் இலவசமாகச் செய்தாள். இலவச வெற்றிடத்துக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது.

சவாயி தீவின் தென்கரையில், கணவன் குடும்பத்துக்குக் கடலோரமாக ஒன்பது விருந்தினர் குடில்கள். நான்கு மாதமாக ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஜூலைக்குள் அவை நிறையாவிட்டால் ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போவதாக அவள் கணவன் இயோசெஃபோ பெயர் கொடுத்திருந்தான். ஏழு மாதம். போன முறை அவன் திரும்பி வந்தபோது, குழந்தை அவனைக் கண்டு அழுது லோசாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் சாப்பாடும் முடிந்து குடும்பக் கூட்டம் கூடியது. குடும்பத் தலைமைப் பட்டம் பெற்ற அண்ணன் தம்பிகள் நால்வரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்திருக்க, லோசா லேப்டாப்பை நடுவில் வைத்தாள். உச்சியில் குடில்களின் பெயர், அதன் அடியில் போன் நம்பர், ஒரு கடல் படம். மீதி வெள்ளை.

நால்வரில் மூத்தவரான மாமனார் ஃபிலிப்போ நெடுநேரம் பார்த்தார். "ஏம்மா, குடில் காலியா கிடக்குன்னு ஊருக்கெல்லாம் நாமளே சொல்லணுமா?"

கண் இளைப்பாறக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று லோசா விளக்கினாள். இளைப்பாறத்தான் குடில் இருக்கிறதே என்றார் நால்வரில் கடைசித் தம்பி எதி. அந்தக் கூட்டத்தில் மருமகள் இரண்டாவது முறை வாய் திறப்பது வழக்கமில்லை. வெள்ளையில் ஒரு பகுதியை எடுத்து ஃபிலிப்போவின் படத்தை வைத்தாள். அடியில் தம்பிகளின் படங்கள்.

வட்டமான கூட்ட வீட்டில் எந்தத் தூணும் எந்தத் தூணுக்கும் கீழே இல்லை. வெப்சைட்டுக்கு மேல், கீழ் உண்டு. எதி மூன்று நாள் அண்ணன் வீட்டில் கை நனைக்கவில்லை.

நான்கு படங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினாள். லேப்டாப்பில் சமாதானம். எதி அதைத் தன் போனில் திறந்தார். ஒடுங்கிய திரையில் நால்வரும் ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கப்பட்டிருந்தார்கள்.

"மூணு பேரு என் தலைமேல நிக்கிறாங்க. இது எந்த ஊரு மரியாதை, மருமகளே?"

படங்கள் முறைவைத்து மாறிமாறி வரும்படி செய்தாள். எதி கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, அண்ணன் அரை நொடி கூடுதலாக நிற்பதாகக் கண்டுபிடித்தார். கடைசியில் நால்வரையும் சின்னதாக்கி, கூட்ட வீட்டைப் போலவே வட்டமாக உட்கார வைத்தாள். அவளுக்கே அது பிடித்துப்போயிற்று. அப்போதுதான் மலியா அத்தை பேசினாள். நால்வருக்கும் அக்கா அவள்.

"பட்டத்துக்காரங்களைச் சுருக்குவியா நீ? உன் கல்யாணத்துக்கு உங்க வீட்டுச் சீர்ப் பாய் குறைச்சலா வந்தப்பகூட நாங்க உன்னைச் சுருக்கிப் பேசலையேம்மா."

முழு அளவு என்று தீர்ப்பானது. கேமராவில் எடுத்தபடியே, ஒரு புள்ளி குறையாமல். பக்கம் பாரம் தாங்காது, சிக்னல் குறைந்தால் படம் திறக்காது என்று லோசா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பட்டம் என்றாலே பாரம்தான் என்றார் மாமனார். பிறகு அத்தையின் படம் வந்தது. போதகர், பாடகர் குழு, விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளக்கூடிய மைத்துனர்கள் என்று இருபத்து மூன்று படங்கள். கடலுக்கு இடமில்லாமல் அதை எடுத்துவிட்டாள். பெயரும் நம்பரும் மட்டும் உச்சியில் பிழைத்துக் கிடந்தன. அவற்றோடு யாரும் உறவு கொண்டாடவில்லை.

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்டான் இயோசெஃபோ.

"நம்ம ஊரு பஸ் மாதிரி. மடிமேல மடியா உக்காந்திருக்காங்க."

"அப்ப பெட்டியைக் கட்டிடறேன்."

பெட்டி பாதி கட்டியிருந்தபோது போன் அடித்தது. மறுநாள் இரண்டு முறை. மூன்று வாரத்தில் ஒன்பது குடில்களும் நிறைந்தன. இயோசெஃபோ ஆப்பிள்காரர்களிடம் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கினான். யார் முகத்தைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள் என்று நால்வருக்குள் புதிய சண்டை மூண்டது. படித்த பெண், பாவம், அவள் சொன்னபடி வெள்ளையாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஃபிலிப்போ ஊரெல்லாம் இரங்கினார். கணவன் வீட்டில் இருந்தான்; லோசாவுக்கு அது போதும். ஆனால் அபியா கம்பெனிகளிடம் இனி எந்த முகத்தோடு அந்த எண்ணூறு தாலாவைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

ஏழாம் குடிலில் தங்கியிருந்த டோரீன், நியூசிலாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு காலை, அவளுக்குக் கோகோ ஊற்றிக்கொண்டே, எந்தப் படத்தைப் பார்த்து வந்தீர்கள் என்று லோசா களைப்போடு கேட்டாள். அருகில் ஃபிலிப்போ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எதி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"படமா?" என்றாள் டோரீன். "எங்க தங்கறதுன்னு இந்தத் தீவுக்குக் கப்பல்ல வரும்போதுதான் தேடினோம். அங்க ஏதும்மா சிக்னல்? மத்த இடத்துது எல்லாம் ஒரே எழுத்துக் கூட்டம், தலைவலிதான் வந்தது. உங்களோடது ஒண்ணுதான் கண்ணுக்கு நிம்மதியா இருந்தது. பேரு ஒண்ணு, நம்பர் ஒண்ணு, மீதி அத்தனையும் வெள்ளை."