குனிந்து போக வேண்டிய மாவுப் பாலம்

உலகத்திலேயே ஒரு பாலத்தைக் கட்டுவதற்கு முன்னால் அதன்மேல் சைக்கிள் ஓட்டியவர் எங்கள் மாவு சார் ஒருவர்தான்.

அல்லிநகரம் பூங்காவில் ஓடைக்கு மேலே சைக்கிள் பாலம் போடுவதாக முடிவானது. அதை வரைய வந்த இன்ஜினியர் அவர். கம்ப்யூட்டரில் வரைந்தால் பாலம் எங்கே வருகிறது என்று காலுக்குத் தெரியாதாம். விடிந்ததும் கோலமாவு வாளியோடு வந்து, முழுப் பாலத்தையும் அதே அளவில் தரையில் போட்டுவிடுவார். மதியத்துக்குள் எறும்பு பாதிப் பாலத்தைத் தின்றுவிடும். மறுநாள் மறுபடியும் போடுவார்.

போட்ட கோட்டின்மேல் பெல் அடித்தபடி சைக்கிளில் போவார். ஓடை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முட்டளவு தண்ணீரில் நடந்து அக்கரை ஏறுவார். பேண்ட் சொட்டச் சொட்ட, "குலுங்கவே இல்ல" என்பார்.

கோட்டைத் தாண்டுகிறவர்கள், பாலத்தில் தலை இடிக்காமல் குனிந்துதான் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். கீரைக்கார அம்மா மட்டும் கூடையோடு நின்று மல்லுக்கு வந்தார்.

"தரையில கெடக்குற மாவுக்கு நான் ஏய்யா குனியணும்?"

"இன்னைக்கு மாவு, நாளைக்கு இரும்பு. இப்பவே பழகிக்கிறணும் ஆத்தா."

சில நாளில் அவரும் குனிந்தார். வாக்கிங் வருகிற அத்தனை பேரும் குனிந்தார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஓடையைத் தாண்டிய கோடு நேராக வந்து இறங்கியது என் டீக்கடையில். சரியாகச் சொன்னால் வடைச்சட்டியில். எட்டாவதோடு படிப்பை விட்டவன், இந்தக் கடையை விட்டால் எங்கே போவேன்? கண்ணை மூடினால் கொதிக்கிற எண்ணெயில் சைக்கிள்கள் வரிசையாக இறங்கின. சாரிடம் கேட்கலாம்தான். கேட்டு, அவர் ஆமாம் என்றுவிட்டால்? கேட்காமலே டீ கொடுப்பேன். கண் கோட்டின்மேலேயே இருக்க, பாதி டீ அவர் சட்டையில் விழும். துடைத்துக்கொண்டு மீதியைக் குடிப்பார்.

ஒருநாள் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். எல்லோரும் குனிவதைப் பார்த்து, என்ன ஏதென்று தெரியாமல் அவரும் குனிந்தார். நிமிர்ந்தவர் கோட்டைப் பார்த்தார். அன்றைக்கு அது என் கடையை ஒட்டித் தொந்தி மாதிரி வளைந்திருந்தது.

"நேரா வர்ற பாலம் இங்க மட்டும் ஏன் வளையுது?"

சார் என் பக்கம் கை காட்டினார்.

"இங்கன ஒருத்தரு ஏற்கெனவே கவலையைச் சுமந்துக்கிட்டு நிக்கிறாரு சார். பாலத்தையும் ஏத்துனா தாங்க மாட்டாரு."

அவர் கை காட்டியதுமே நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். கீரைக்கார அம்மாதான் வந்து தோளைத் தட்டினார்.

"கண்ணத் தெறய்யா. வளைச்சே போடச் சொல்லிட்டாக."

சார் மாற்றலாகிப் போடிப் பக்கம் போய்விட்டார். பாலம் இன்னும் வரவில்லை. மாவும் இல்லை. ஆனாலும் காலையில் கடை திறக்கப் போகும்போது அந்த வளைவில் குனிந்துதான் போகிறேன். எனக்காக அவர் வளைத்த பாலம். என் தலை இடித்து அதற்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது.