பதினோராவது தளபதி திரும்பி வர மறுப்பது குறித்து

தென்காசி,
ஆடி 22, வியாழக்கிழமை.

முன்னாள் படைவீரர் சங்கத் தலைவரும் என் அருமை அத்தானுமாகிய ஓய்வுபெற்ற சுபேதார் பிச்சைமணி அவர்களுக்கு, சங்கச் செயலாளரும் தங்கள் மைத்துனனுமாகிய ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க் பாண்டித்துரை சல்யூட் அடித்து எழுதிக்கொள்வது.

இங்கே சாரல் ஜோர், குற்றாலத்தில் கூட்டம் ஜோர், நான் சுமார். கீழப்பாவூரில் தாங்களும் பேச்சித்தாய் அக்காளும் தங்களது இடது முழங்காலும் சௌகரியமாக இருக்க நரசிம்மர் அருள்வாராக.

சங்கக் கட்டடத்தைச் சுதந்திர தினத்தன்று பிரிகேடியர் ஐயா வந்து திறக்கும்போது, கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரரில் தொடங்கி, இன்று முப்படைக்கும் மேலே ஒருவரை உட்கார்த்தியிருக்கிறார்களே, அவர் வரைக்கும் பொறுக்கியெடுத்த முப்பத்தேழு தளபதிகளின் படங்களும் சுவரில் வரிசையாக இருக்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் உன் செயலாளர் பதவி அன்றைக்கே காலி என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள். அத்தான், ஒருவர் குறைகிறார். விழாவுக்கு இன்னும் எட்டே நாள்.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், கோபப்படாமல் வாசிக்கவும். சட்டம் போட்ட படங்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக் குற்றாலம் ரோட்டில் வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் முப்பத்தாறு பேருக்குத்தான் காணும். பதினோராவது ஆள் மட்டும் ஆளுயரப் படம், சிவப்புக் கோட்டு, இடுப்பில் வாள், கன்னத்து முடியும் மீசையும் ஒன்றாகச் சேர்ந்த முகம். நனையக்கூடாதே என்று, ரோட்டோரம் தகரக் கூரை போட்ட சுடலைமாடன் பீடத்தில் அவரைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். ஒரே ஒரு டீ, அத்தான், கூட ஒரு வாழைக்காய் பஜ்ஜி. திரும்பி வந்து பார்த்தால் தளபதி கழுத்தில் அரளி மாலை, நெற்றியில் சந்தனம், காலடியில் புகைகிற சுருட்டு. பூக்கார முப்பிடாதி கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"ஏ முப்பிடாதி, இது வெள்ளைக்காரர் படம்லா? மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா?"

"மீசையும் வாளும் முழிக்குத முழியும் மாடன் மாதிரில்லா இருக்கு. மாடனுக்குத்தான் யாரோ பவுடர் போட்டு விட்டிருக்காவன்னு நெனச்சேன் அண்ணாச்சி. கண்ணுக்கு மை வச்சு, கண்ணும் திறந்தாச்சு. இனும எடுத்தீயன்னா ஊருக்கு ஆகாது."

சரி, பேசிப் பார்ப்போம் என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் மாடக்கண்ணுவுக்கு அருள் வந்துவிட்டது. மாடக்கண்ணுவைத் தங்களுக்குத் தெரியும், அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் பண்ணுகிறவன், அந்தப் பீடத்துச் சாமியாடியும் அவன்தான். வந்த வேகத்தில், "ஸீதா லேட்! உல்டா ஹோ ஜாவ்!" என்று ஒரு அதட்டு. சாமி இங்கிலீஷ் பேசுது என்று சனம் விழுந்து கும்பிடுது. நான் ஜபல்பூரில் ஒன்பது வருஷம் இருந்தவன். அது நேராகப் படு, குப்புறப் படு என்று வடக்கத்தி ஆட்களுக்கு அவன் தினமும் சொல்லுகிற இந்தி. அதை அங்கே சொன்னால் என்னைக் குப்புறப் படுக்கவைத்திருப்பார்கள்.

ஆனாலும் நான் கிளார்க் இல்லையா? "சாமி, இது சங்கத்துச் சொத்து. படத்தைத் தரணும், இல்லன்னா பெற்றுக்கொண்டேன்னு ரசீது தரணும்" என்றேன். கேட்ட உடனே விபூதியில் கையை முக்கி என் சட்டையில் பளிச்சென்று ஒரு அறை. ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. சட்டையைத் துவைக்காமல் கோப்பில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பன்னிரண்டாவது தளபதியைத் தூக்கிக்கொண்டு போய், இவரை வைத்துக்கொண்டு அவரை விடுங்கள் என்று கேட்டேன். சாமிக்கு வந்ததே கோபம். "ஏலே, இவன் எனக்கு ஜூனியர்லே! நான் சார்ஜ் ஒப்படைக்காம இவன் எப்படிலே இங்கன உக்காருவான்?" என்கிறது. சாமிக்கு இவ்வளவு விவரம் எப்படி என்று தாங்கள் கேட்பீர்கள். தப்பு என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனிடம் எண்ணெய் தேய்க்கப் படுத்துக்கொண்டு, தளபதிகள் வரலாறு முழுவதையும் நான்தான் சொல்லித் தொலைத்தேன். அதையே இப்போது எனக்குத் திருப்பிவிடுகிறான்.

"என் பதவிப் பேரு என்னலே?"

"கமாண்டர்-இன்-சீஃப், சாமி. ஐம்பத்தஞ்சில அந்தப் பேர எடுத்துட்டாவ."

"யாரக் கேட்டு எடுத்தாவ?"

எடுத்தது கவர்மெண்டு, ஏச்சு வாங்குகிறது நான். கடைசியில், நாடு சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு, நீங்களா இடத்தைக் காலி பண்ணிட்டாத்தான் மரியாதை என்று கொஞ்சம் குரலை உசத்தினேன். அதுக்குச் சொல்லுதான், "சுதந்திரம் வந்த பெறவும் ஒண்ணர வருசம் வெள்ளக்காரனத்தானலே தளபதியா வச்சிருந்திய? நாப்பத்தொம்பது சனவரில்லா உங்க ஆளு சார்ஜ் எடுத்தாரு. அம்புட்டுப் பொறுத்தவனுக்கு ஒரு தகரக் கூரை பொறுக்கலையோ?" கூட்டம் கைதட்டுது அத்தான். எனக்கே ஒரு நிமிஷம் நியாயம்னு பட்டுது.

ஆகவே தாங்கள் ஞாயிறு காலை மெடல்களைக் குத்திக்கொண்டு, நம் சங்கத்துப் பத்து ஆட்களோடு வந்து, பதினோராவது தளபதியை மீட்டு, என் பதவியையும் மானத்தையும் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது இந்தச் சங்கத்தில்தான். அதையும் பிடுங்கிவிடாதீர்கள் அத்தான்.

அக்காளுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவவும். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
பாண்டித்துரை

பின்குறிப்பு: ஆட்களோடு வர வேண்டாம். தனியாக, குளித்துவிட்டு, ஒரு சேவலோடு வரவும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று போனேன். அங்கே அக்காள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கீழப்பாவூரில் தங்களிடம் மாவு மில் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். மேளம் அடித்தார்கள். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் நான்தான் ஆடினேன் என்கிறார்கள். ஆட்டத்தில், இன்றிலிருந்து தலைவர் பதவி அக்காளுக்கு, தங்களுக்கு முழு ஓய்வு, செயலாளர் மட்டும் ஆயுளுக்கும் மாறக்கூடாது என்று தளபதி உத்தரவு போட்டுவிட்டாராம். இதில் என் கை எதுவும் இல்லை அத்தான். எனக்குத்தான் நினைவே இல்லையே.