லாரிக் கதவில் ஏறிய துரு

செவிலிமேடு, காஞ்சிபுரம்
12-10-1971

சிரஞ்சீவி மைத்துனன் ராமலிங்கத்துக்கு, உன் அக்காள் அங்கம்மாளைக் கட்டிக்கொண்ட காரணத்தால் உனக்கு மாமனாகிவிட்ட துரைக்கண்ணு ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்காளும் இரண்டு எருமைகளும் சுகம். லாரி சுகமில்லை. உன் சுகத்தைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கிறேன்.

தை மாதம் நீ திண்டிவனத்திலிருந்து உன் லாரியைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தி, "ஒரு மூட்டை உப்பு கூட ஏத்துனதில்ல மாமா, வெறும் நெல்லுதான்" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொன்னாய். மாகறல் நிலத்தை விற்று வாங்கினேன். ஆடி வரைக்கும் செங்கல்லும் பாலாற்று மணலும் ஏற்றி ஓட்டினேன், குறையில்லை. ஆடியில் ஒரு நாள் கிளீனர் பக்கத்துக் கதவின் அடியில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது. உன் அக்காள் சோப்பு நுரை போட்டுத்தான் வெளியே எடுத்தாள்.

வெல்டிங் பட்டறை அஹமது பாஷாவிடம் கொண்டுபோனேன். இற்றுப்போன தகரத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரம் பற்றவைத்து, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தார். இது உப்பு தின்ற துரு என்றார். உப்பால் கெட்டதை உப்புத்தாளால் தேய்க்கிறீர்களே பாய் என்றேன். "வேற பேர் வெச்சிட்டு வாங்கண்ணே, அப்புறம் தேய்க்கிறேன்" என்றார். சிவப்பு பிரைமர் அடித்து, மேலே நீலம் அடித்தார். எட்டாம் நாள் அந்தப் புதுப் பெயிண்டின் மேலேயே துரு பூத்தது. விரித்த உள்ளங்கை மாதிரி, ஐந்து விரலும் தெரிய.

மறுபடி வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பிரைமரை இரண்டு தடவை அடித்தார். ஒன்பதாம் நாள் அதே கை வந்தது. ஆனால் ஒரு சாண் மேலே. மூன்றாம் முறை இன்னும் ஒரு சாண். கைப்பிடிக்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. துரு கீழேதானே பாய் இறங்கும் என்று கேட்டேன். பாஷா தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டார். "ஈரமா இருக்குதுண்ணே. நாலு நாளா மழையே இல்ல."

இதற்குள் உன் அக்காள் யாருக்கும் தெரியாமல் பன்னிரண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்து லாரிப் படிக்கட்டில் பிழிந்துவிட்டாள். இரும்பு பளபளவென்று ஆனது. தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாள் காலையில் படிக்கட்டு முழுக்கக் காவி கட்டியிருந்தது. "எலுமிச்சம்பழம் இரும்பத் தின்னுடும்மா, சோத்துல புழிஞ்சிக்கங்க" என்று பாஷா தலையில் அடித்துக்கொண்டார்.

போன புதன்கிழமை உச்சி வேளையில் பாஷா பின்பக்கத்துப் பலகைகளைப் பெயர்த்தார். அடியில் லாரியையே தாங்குகிற சேஸ் சட்டத்தின் ஒரு பக்கம் முழுக்க யாரோ இரும்புத் தகடு வைத்து மூடிப் பெட்டி மாதிரி பற்றவைத்திருந்தார்கள். "துரு மேல தகடு போட்டு மூடுனா துரு பூடுமா? உள்ளாற உக்காந்து தின்னுக்கினே இருக்கும்" என்று சொல்லிச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. எதிரொலி என்றேன். "எதிரொலி கணக்குத் தப்பாதுண்ணே" என்றார்.

துளை போட்டார். தண்ணீர் பீறிட்டது. அந்தச் சட்டத்துக்குள் ஒரு வாளி பிடித்தால் அதிகம். பதினொரு வாளி பிடித்தோம் ராமலிங்கம். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் தண்ணீர். கடைசியில் சேற்றோடு ஒரு எவர்சில்வர் டப்பா மூடி வந்து விழுந்தது. அதில் "ம. அந்தோணி, மரக்காணம்" என்று பேர் வெட்டியிருந்தது.

மறுநாளே பஸ் ஏறி மரக்காணம் போனேன். அந்தோணி வீட்டில் அவர் மனைவிதான் இருந்தாள். லாரி என்றதும் அவளே சொன்னாள். "பொயலன்னிக்கு உப்பங்கழியில லாரி எறங்கிடுச்சிங்க. கிளீனரா போன இவரு நீந்தி வெளிய வந்துட்டாரு. மொதலாளி உள்ள மாட்டிக்கினாருன்னு திரும்பப் போயி, கதவத் தொறந்து அவர இழுத்து உட்டாராம். அவரு கரையேறிட்டாரு. இவரு ஏறல. ஒடம்பும் கெடைக்கல."

முதலாளி வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா வருவாருன்னு பார்த்துக்கினு இருக்கேன். திட்டறதுக்கு இல்லீங்க. கடைசியா இவரு இன்னா சொன்னாருன்னு கேக்கணும்."

மூடியைக் கொடுத்தேன். டப்பா மட்டும் அன்றைக்கே கரை ஒதுங்கியிருந்ததாம். எடுத்துவந்து பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. அதன் பிறகு எனக்கு அங்கே உட்காரத் தெரியவில்லை.

திண்டிவனம் வழியாகத்தான் திரும்பினேன். உன் வீட்டு வாசலில் இறங்கி உன் சட்டையைப் பிடிக்கத்தான் நினைத்தேன். இறங்கவில்லை. பயமாயிருந்தது, உன்னைப் பார்த்து இல்லை, உள்ளேயிருந்து தட்டியவரை நினைத்து. உன் அக்காளிடம் சொன்னேன். அடுப்பு மூட்டவில்லை. "எந்தம்பிய உசுரோட குடுத்தவனுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தலியே" என்று அழுதுகொண்டே இருக்கிறாள். பாஷா தகட்டை அறுத்தெடுத்து, சட்டத்தை நல்ல தண்ணீரால் ஏழு தரம் கழுவி, தண்ணீர் வடிய ஓட்டை விட்டு, வேஸ்ட் ஆயில் பூசியிருக்கிறார். எனக்கு அந்த லாரி வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். நேரே மரக்காணம் போய் அந்த அம்மாள் முன்னால் நிற்க வேண்டும். சாக்குச் சொல்லாதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. பெருமாளும் ஏகாம்பரநாதரும் ஆளுக்கொரு பக்கம் காக்கட்டும். உனக்கான ஆசியை நீ நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு
மாமா துரைக்கண்ணு

பி.கு.: நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது லாரிப் பக்கம் சத்தம் கேட்டது. நானும் உன் அக்காளும் ஓடிப்போய்ப் பார்த்தோம். நல்ல வெயில், பக்கத்தில் ஒருவரும் இல்லை. கிளீனர் பக்கத்துக் கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது, கதவு திறந்தது. ஆள் இறங்கினால் எப்படியோ அப்படி லாரியின் ஸ்பிரிங் பட்டை பாரம் குறைந்து மேலே ஏறியது. இப்போது கதவில் துரு ஒரு பொட்டு இல்லை. லாரி எனக்கே இருக்கட்டும். ஈரக் காலடி வாசலைத் தாண்டி வந்தவாசி ரோட்டில், திண்டிவனம் பக்கமாகப் போயிருக்கிறது. அவர் நடந்து வருவதால் தபால் முந்திவிடும் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே இரு. வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வை. தாழ் போட்டுப் பிரயோஜனம் இல்லை. கதவு திறப்பதில் அவர் கெட்டிக்காரர் என்பது உனக்கே தெரியும்.