மலையேற்றிவிட்ட மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே இடுப்புக்கு மேலே நான் நலம். இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன்னையும் அதில் சேர்த்து எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். லிஃப்ட் கம்பெனியில் ஸ்பேனர் பிடித்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. தலைமை சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று கூட்டிப் பெருக்குகிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு புது மேனேஜர் வந்து சேர்ந்தார். விடியற்காலையில் ஓடிவிட்டு, களைப்பே இல்லாமல் ஆபீசுக்கு வந்து, நம் தொப்பையைப் பார்த்து அனுதாபப்படுகிற ரகம். "மலையில ஒரு ஓட்டப்பந்தயம் நடக்குது. நானும் ஓடறேன். எந்தத் தூரமா இருந்தாலும் சரி, முடிச்சுட்டு வர்றவங்களைத்தான் அந்தப் போஸ்ட்டுக்குப் பார்ப்பேன். உடம்புல தெம்பு இல்லைன்னா எப்படி சார் வேலை ஓடும்?" என்றார். ஏறத் தெம்பில்லாதவர்களுக்காகத்தான் லிஃப்ட்டையே கண்டுபிடித்தார்கள் என்பது அந்த மனுஷனுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நாற்காலி கண்ணை மறைத்தது.

போனில் பெயர் பதிய எனக்குத் தெரியாது என்று உன்னிடம் கொடுத்தேன் பார், அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீ எதையோ தட்டினாய், எதையோ தடவினாய், "இருபத்தோரு கிலோமீட்டர் அத்தான். நடந்தே முடிச்சுடலாம். சும்மா காத்து வாங்கிட்டு வாங்க" என்றாய். காற்று வாங்கத்தான் போனேன் மச்சான். மூக்கால் வாங்கினது போதாமல் வாயாலும் வாங்கினேன்.

பயிற்சி எடுக்கவில்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. எடுத்தேன். சர்வீசுக்குப் போன ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டில் ஏறாமல் படியில் ஏறினேன். பாதியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அங்கே குடியிருக்கும் ஒரு அம்மா பார்த்துவிட்டார். "லிஃப்ட் ரிப்பேர்காரரே படியில போறார்னா அதுல ஏதோ கோளாறு இருக்கு" என்று கட்டடம் முழுக்கப் பரவி, ஒருத்தரும் லிஃப்ட்டில் ஏறாமல், ஆபீசுக்குப் புகார் போய், நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றோடு பயிற்சிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பந்தயத்தன்று மைக்கில் வழி பற்றி ஏதோ சொன்னார்களாம். எல்லாரும் கேட்டார்கள். நான் கழிவறை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தால் எங்கள் ஆபீஸ் நெட்டையன், நான் கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்த அதே நெட்டையன், நெஞ்சில் வேறு கலரில் நம்பர் குத்திக்கொண்டு நிற்கிறான். "இது அஞ்சு கிலோமீட்டர் சார். நீங்க ஏன் பெருசுல பேர் கொடுத்தீங்க?" என்றான். அஞ்சு என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்! நீ அதைப் பற்றி மூச்சே விடவில்லையே, பாவி!

ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் என்னைக் கழற்றிவிட்டது. அதுவரை முன்னால் ஓடுகிறவன் குதிகாலைப் பார்த்தே ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது குதிகாலும் இல்லை. முழங்கால் ஒரு பக்கம் கெஞ்சுகிறது, ஷூவுக்குள் சரளைக்கல் ஒரு பக்கம் குடித்தனம் நடத்துகிறது, இதோடு பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதையின் ஓரத்துக் கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. எங்கள் தொழிலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் உள்ளே ஆள் வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். கட்டியவன் கையாலேயே அவிழ்க்கும்வரை மேனேஜரே வந்தாலும் தாண்டக் கூடாது. தாண்டிய ஒருத்தனை எங்களுக்குத் தெரியும். அவன் இப்போது இல்லை. அதனால் நான் நல்ல பிள்ளையாக ரிப்பன் இல்லாத பாதையில் இறங்கினேன். இறக்கம் சுகமாகத்தான் இருந்தது. அது ஒரு தண்ணீர்த் தொட்டியில் போய் முடிந்தது. தொட்டிக்குக் காவலாக ஒரு நாய் இருந்தது. அன்று நான் உண்மையிலேயே ஓடியது அங்கிருந்து மேலே வந்த தூரம் மட்டும்தான்.

மறுபடி அந்த ரிப்பன் முன்னால் வந்து உட்கார்ந்தேன். கட்டியவன் வரட்டும் என்று காத்திருந்தேன். சிரிக்காதே. வந்தார்கள்! கணவன் மனைவி போல் இரண்டு பேர், கையில் பை, பேசிக்கொண்டே வந்து ரிப்பனை அவிழ்த்துப் பைக்குள் போட்டார்கள். நான் திருப்தியாக எழுந்து, "வேலை முடிஞ்சுதா? இனிமே போகலாமா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "போற வழியைக் காட்டத்தான் சார் இதைக் கட்டியிருந்தோம். கடைசி ஆளும் போயாச்சுன்னு அவிழ்த்துக்கிட்டு வர்றோம். நீங்க யாரு?"

நான் யார் என்று நானும் யோசித்தேன் மச்சான். அந்த மலையில் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அவர்கள் ஒவ்வொரு ரிப்பனாக அவிழ்க்க, நான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். முடிவுக் கோட்டில் நேரம் முடிந்துவிட்டது என்று பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்து சேர்ந்தது கணக்கில் ஏறவில்லை. நெட்டையன் பதக்கத்தோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். மேனேஜர் என் தோளைத் தட்டி, "பரவாயில்லை சார், முயற்சி பண்ணீங்களே, அதுவே பெருசு" என்றார். மறுநாள் காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஆபீசுக்குப் போனால், நெட்டையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. மரியாதை கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

எல்லாம் உன் ஒரு விரலால் வந்த வினை. இத்தனை வருஷ உழைப்பை ஒரு தட்டில் மண்ணாக்கிவிட்டாய். இனி என் வீட்டு வாசற்படி ஏறாதே. ஏறினால் உன் கையைப் பிடித்து வெளியே விடுவதற்கு என்னால் எழுந்திருக்க முடியாது, அந்த ஒரு தைரியத்தில் வந்துவிடாதே. உறவு இன்றோடு முறிந்தது.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது யார் பேச்சையும் கேட்காமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "அவனை ஏன் திட்டறீங்க? பெரிய தூரத்துல போடச் சொன்னதே நான்தான்" என்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அஞ்சுன்னா தவழ்ந்தாவது முடிச்சிருப்பீங்க. அந்த நாற்காலி வந்திருக்கும். அப்புறம் உங்களை வீட்டுல பார்க்கவா முடியும்? இப்பவே எவன் எந்த மாடியில லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாலும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாம ஓடறீங்க. இத்தனை வருஷமா நான் தனியா இந்த வீட்டுல மாட்டிக்கிட்டுக் கிடக்கிறேன். எனக்கு யார் வந்து கதவைத் திறந்தாங்க?" என்றாள். ஆகையால் மேலே இருக்கும் வசவெல்லாம் உனக்கு இல்லை. யாருக்கு என்று எழுதலாம் என்றால், அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.