பேட்டரியைக் குடித்தது யார்?

இனி தன் காரை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது என்று ஆபரேட்டர் சபதம் செய்தார். நோயை அவரே கண்டுபிடிப்பார். அவரே தீர்ப்பார். ஸ்பேனரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னதால் சபதம் இன்னும் கம்பீரமாக இருந்தது.

சபதத்தைக் கிளப்பிவிட்டவள் மனைவி.

"வித்துடலாங்க. தினம் சாயங்காலம் தெருவே கூடி நின்னு தள்ளுது. நேத்து தபால்காரரையும் விட்டு வைக்கல நீங்க."

"விக்கிறதா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன் பாரு. இல்லேன்னா உன் தம்பிக்கே சும்மா தூக்கிக் குடுத்துடறேன்!"

"அவன் என்ன பாவம் பண்ணினான்?"

ஆபரேட்டருக்கு ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது விழித்திருப்பார். ஊர் விழித்ததும் வீட்டுக்கு வந்து படுப்பார். அவர் படுத்துவிட்டால் வீட்டில் ஊசி விழக் கூடாது. மிக்சிக்கு விடுமுறை. குக்கர் விசிலடித்தால் குற்றம். சொட்டுகிற குழாய்க்குக் கீழே துணி. இப்படிப் பல வருஷமாக மனுஷ சத்தமே இல்லாமல் வாழ்ந்தவரிடம் அதிகாரி போன வாரம் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை லேட்டா வந்தா, பகல்ல புகார் கவுண்டர்ல உக்கார வெச்சுடுவேன்." தண்ணீர் வராத ஊர் முழுக்க எதிரே நின்று கத்தும் கவுண்டர் அது. நினைத்தாலே காது வலித்தது.

முதல் நாள் காரின் மூடியைத் திறந்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றினார். உப்புத்தாளால் தேய்த்தார். நட்டை முறுக்கினார். முகத்தில் வெற்றிப் புன்னகையோடு போய்ப் படுத்தார். சாயங்காலம் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். விளக்குகள் தூக்கம் வந்த கண்போல மங்கின. தெரு வந்து தள்ளியது.

மறுநாள் மீட்டர் வாங்கி வந்தார். காலையில் வீட்டுக்கு வந்ததும் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டரை வோல்ட். இன்ஜின் ஓடும்போது பதினாலு. அப்படியானால் பேட்டரி நன்றாகத்தான் சார்ஜ் ஆகிறது. சாயங்காலம் மறுபடி வைத்தார். பதினொன்று!

"பகல்ல ஏதோ இதைக் குடிக்குது," என்றார் பயந்த குரலில்.

"வெயில் காலம்ல," என்றாள் மனைவி.

அதற்கடுத்த நாள் படுக்கப் போகும் முன் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி வைத்தார். சாயங்காலம் மாட்டிச் சாவியைத் திருப்பினார். கார் சிங்கம்போல உறுமியது! பேட்டரியிலும் கோளாறு இல்லை, செல்ஃப் மோட்டாரிலும் கோளாறு இல்லை என்று தெருவுக்கே அறிவித்தார். மனைவிக்கு மட்டும் அன்று என்னவோ மனசு சரியில்லை. சமையலறையில் இரண்டு தடவை பாத்திரத்தைப் போட்டாள்.

இனிக் குடிப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்து, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை மாட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பயனில்லை.

"நான் பார்த்தா குடிக்க மாட்டேங்குது. பார்க்காதப்ப குடிக்குது."

"பரவாயில்ல, மரியாதை தெரிஞ்ச காரு," என்றாள் அவள்.

சனிக்கிழமை ஆபரேட்டர் உளவாளியானார். கட்டிலில் தலையணைகளை அடுக்கிப் போர்த்திவிட்டு, மெதுவாகப் பின்வாசல் வழியாகக் காருக்கு வந்தார். பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே மடங்கிப் படுத்து, கார் துடைக்கும் பழைய பெட்ஷீட்டை இழுத்து மூடிக்கொண்டார். கண்ணை இமைக்காமல் காவல் காத்தார். பிறகு நன்றாகத் தூங்கிப்போனார்.

கதவு திறக்கும் சத்தம். தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்டிருந்த இரண்டாவது சாவி திரும்பும் சத்தம். ரேடியோவில் ஒரு மாமியார் அழுதாள். காற்றாடி விர்ரென்று சுற்றியது. முன் சீட்டு சாய்ந்து அவர் முழங்காலை அமுக்கியது.

"அண்ணன் முழிச்சுக்க மாட்டாரேக்கா?" எதிர்வீட்டுத் தையல்காரியின் குரல்.

"பாத்துட்டுத்தான் வந்தேன். கட்ட மாதிரி கிடக்கார்."

"நாடகத்துல நல்ல கட்டம் வரும்போதுதான் இந்தப் பேட்டரி இறங்கிப்போகுது. புதுசு போடச் சொல்லலாம்ல?"

"சொன்னா போட்டுடுவாரா? குழாய்க்கு வாஷர் போடச் சொல்லி எவ்வளவு நாளாச்சு! அதான் வித்துடலாம்னு சொன்னேன். இப்ப பாரு, வேகமா சுத்திட்டிருக்கார். திங்கக்கிழமைக்குள்ள பேட்டரி தானா வரும்."

பெட்ஷீட் எழுந்து நின்றது. தையல்காரி அலறினாள்.

"பிடிச்சுட்டேன்!" என்றார் ஆபரேட்டர். "பேட்டரியக் குடிக்கிறது யாருன்னு பிடிச்சுட்டேன்!"

மனைவி ரேடியோவை அணைக்கவில்லை. "வீட்டுக்குள்ள மூச்சு விட்டாலே சத்தம்னு கத்துறது யாரு? மனுஷி எங்கதான் போய் உக்காருவா?"

"அப்ப கட்டாயம் விக்கிறேன்! இன்னிக்கே!"

"தாராளமா. ரேடியோவ மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க. உங்க தலைமாட்டுல வெச்சுக்கறேன். நாங்க நாலு பேர் உக்காந்து கேக்கிறோம்."

"நாலு பேரா?"

"மத்த ரெண்டு பேருக்குப் பின் சீட்டு. இன்னிக்கு அது உங்களால காலியில்ல," என்றாள் தையல்காரி.

ஆபரேட்டர் யோசித்தார். தலைமாட்டில் மாமியார் அழுகை. இல்லையென்றால் புகார் கவுண்டர். அல்லது ஒரு பேட்டரி. அன்றே கடைக்குப் போனார். கடைக்காரரிடம், "இருக்கிறதுலயே பெரிசு குடுங்க," என்றார்.

"லாரியா சார்?"

"குடும்பம்."

புதுப் பேட்டரி பிரமாதம். காரைத் தள்ளத் தெருவை யாரும் கூப்பிடுவதில்லை. காலையிலிருந்து ரேடியோ பாடினாலும் வோல்ட் குறைவதில்லை. ஆபரேட்டரும் மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் குளித்து, காக்கிச் சட்டை மாட்டி, சாப்பாட்டுப் பையோடு கம்பீரமாகக் காரிடம் வந்தார். நாலு சீட்டும் நிரம்பியிருந்தது. மனைவி கண்ணாடியை விரலளவு இறக்கினாள்.

"நாடகம் இன்னும் முடியலைங்க. லேட்டாகிடப் போகுது, நடந்தே போயிடுங்க."